வீட்டில் தண்டாலா, ஜிம்மில் பார்பெல்லா: உடம்பு ஏற்ற எதைத் தேர்ந்தெடுப்பது?

உடம்பை ஏற்ற வேண்டும், கூடவே பலமும் வேண்டும் என்று முடிவு செய்தவர் முதலில் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். வீட்டிலேயே தண்டால், பஸ்கி எடுத்தால் போதுமா, ஒரு டம்பெல் செட் வாங்கிப் போடலாமா, ஜிம்மில் சேர்ந்து மெஷினில் உட்காரலாமா, இல்லை எல்லாரும் சொல்கிற மாதிரி நேரே பார்பெல்லுக்கு (இரண்டு முனையிலும் எடை மாட்டும் நீளக் கம்பி) போய்விடலாமா? யாரைக் கேட்டாலும் அவரவர் செய்வதைத்தான் உசத்தி என்பார்கள். கர்லாக்கட்டை சுற்றுகிறவர் ஜிம் உடம்பு நிற்காது என்பார், ஜிம் மாஸ்டர் வீட்டில் செய்து யாருக்கு உடம்பு வந்தது என்பார், யூடியூபில் ஒருவர் மெஷின் எல்லாம் வேஸ்ட் என்பார்.

நான் இதில் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்பேன். இன்றைக்குச் செய்ததைவிட அடுத்த வாரம் கொஞ்சம் கூடுதலாகச் செய்ய அந்த முறை வழி விடுகிறதா, அந்தக் கொஞ்சம் எவ்வளவு சின்னது? மற்றதெல்லாம் அப்புறம்தான்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் சிகாகோவில் ஒரு ராணுவ மருத்துவமனையில் வேலை பார்த்த தாமஸ் டிலார்ம் என்ற டாக்டர், முழங்காலில் அடிபட்டு வந்த சிப்பாய்களுக்கு லேசான எடையை நூறு முறை ஆட்டச் சொல்லும் அன்றைய வழக்கத்தை விட்டுவிட்டு, காலில் இரும்புச் செருப்பு மாட்டி, பத்து முறைக்கு மேல் தூக்க முடியாத அளவுக்கு எடை போட்டு, தெம்பு கூடக் கூட எடையையும் கூட்டிக்கொண்டே போனார். 1945-ல் அதைக் கட்டுரையாக எழுதினார். முதலில் ஏழு முதல் பத்து செட் (நடுவே நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்றுதான் ஒரு செட்) வரை செய்ய வைத்தவர், 1948-ல் வாட்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து அதை மூன்று செட்டாகக் குறைத்தார்: பாதி எடையில் பத்து, முக்கால் எடையில் பத்து, முழு எடையில் பத்து. நம்மூர் ஜிம்மில் சேர்ந்த முதல் நாளே "மூணு செட், பத்து பத்து" என்று சொல்கிறார்களே, அந்த வழக்கத்துக்கு வேர் இங்கேதான். ஆனால் பத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள், எடையைக் கூட்டுவதை விட்டுவிட்டார்கள். ஒரு வருஷமாக அதே பத்து கிலோ டம்பெல்லை அதே பத்து முறை தூக்குகிற ஆட்கள் எல்லா ஜிம்மிலும் உண்டு, உடம்பு மட்டும் அப்படியே இருக்கும்.

சரி, தேர்வுக்கு முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியது தசையா, பலமா? இரண்டும் சேர்ந்தே வரும், ஆனால் ஒரே அளவில் வராது.

தசை மட்டும் போதும் என்றால் உங்களுக்கு வழி நிறைய. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் பிலிப்ஸ் குழுவினர் 2012-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒருவர் ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில் வெறும் 30 சதவீதத்தை வைத்து, கால் இனிமேல் முடியாது என்று நிற்கும்வரை செய்ததும், 80 சதவீதத்தில் அதேபோல் செய்ததும், பத்து வாரத்தில் தொடைத் தசையைக் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் வளர்த்தன. ஆனால் அதிகபட்ச எடையைத் தூக்கும் பலம் 80 சதவீதத்தில் செய்த காலுக்குத்தான் அதிகம் கூடியது. 2014-ல் நியூயார்க்கில் பிராட் ஷோன்ஃபெல்ட் செய்த ஆய்விலும் இதே கதைதான். ஏழு செட் மூன்று மூன்றாகக் கனமாகத் தூக்கியவர்களுக்கும் மூன்று செட் பத்து பத்தாகத் தூக்கியவர்களுக்கும் தசை ஒரே மாதிரி வளர்ந்தது, பலம் கனமாகத் தூக்கியவர்களுக்கு அதிகம். கனமாகத் தூக்கியவர்கள் ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவழித்து மூட்டு வலியோடு வீட்டுக்குப் போனார்கள், மற்றவர்கள் இருபது நிமிஷத்துக்குள் முடித்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆபீஸ் முடிந்து ஏழு மணிக்கு ஜிம்முக்கு வருகிறவருக்கு இந்த வித்தியாசம்தான் பெரிய வித்தியாசம்.

இப்போது ஒவ்வொன்றாக வருவோம்.

தண்டால், பஸ்கி. செலவு கிடையாது, சாக்குச் சொல்லவும் வழி கிடையாது. தண்டாலில் நம் கை தாங்குவது உடம்பு எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 70 கிலோ ஆளுக்கு 45 கிலோவுக்குக் குறையாது, முழங்காலை ஊன்றிச் செய்தால் சுமார் பாதி. புதிதாகத் தொடங்குபவருக்கு இது நல்ல கனம். ஜப்பானில் செய்த ஓர் ஆய்வில், அதிகபட்ச எடையின் 40 சதவீதத்தில் பென்ச் பிரஸ் (மல்லாந்து படுத்துக் கம்பியை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது) செய்தவர்களுக்கும் அதே கனம் வருகிற மாதிரி தண்டால் எடுத்தவர்களுக்கும் எட்டு வாரத்தில் மார்புத் தசை ஒரே மாதிரி வளர்ந்திருக்கிறது. ஆகவே தண்டாலில் நெஞ்சு வராது என்பது பொய். சிக்கல் முப்பது தண்டால் சுலபமாக எடுக்க ஆரம்பித்த பிறகுதான் வருகிறது. காலை நாற்காலி மேல் தூக்கி வைக்கலாம், இரண்டு பக்கமும் செங்கல் வைத்து இன்னும் கீழே இறங்கலாம், முதுகுப் பையில் புத்தகத்தைப் போட்டு மாட்டிக்கொள்ளலாம். எல்லாம் சரிதான், ஆனால் ஒவ்வொரு படியும் பெரிய படி, அளந்து ஏறவும் முடியாது.

முதுகுக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். கம்பியில் தொங்கி ஏறும் புல்-அப்பில் முதல் படியே முழு உடம்பு எடை. ஒன்றுகூட எடுக்க முடியாதவர் எங்கிருந்து தொடங்குவார்? தாழ்வான கம்பியைப் பிடித்து, குதிகாலைத் தரையில் ஊன்றிச் சாய்ந்தபடி நெஞ்சைக் கம்பிக்கு இழுப்பது ஒரு வழி. ஸ்டூல் போட்டு ஏறி, தாடை கம்பிக்கு மேலே இருக்கும்போது காலை எடுத்துவிட்டு, ஐந்து நொடி எண்ணி மெதுவாக இறங்குவது இன்னொரு வழி. கார்ப்பரேஷன் பூங்காக்களில் போட்டிருக்கும் திறந்தவெளி ஜிம் கருவிகளில் நிஜமாக உபயோகப்படுவது இந்தக் கம்பி ஒன்றுதான் என்பது என் கருத்து. மற்றவற்றில் பெரும்பாலும் எடையைக் கூட்ட வழியே கிடையாது, ஆடிக்கொண்டிருக்கலாம்.

கால் விஷயத்தில் வீட்டுப் பயிற்சி சீக்கிரமே கைவிட்டுவிடும். நாள் முழுக்க நம்மைச் சுமக்கிற கால் அது. ஐம்பது பஸ்கி என்பது கொஞ்ச நாளிலேயே மூச்சுப் பயிற்சியாகிவிடும். கிரேட் காமா பயில்வான் தினம் ஆயிரக்கணக்கில் பைட்டக், அதாவது பஸ்கி, எடுத்ததாகச் சொல்வார்கள், அவருக்கு அதற்கு நாளெல்லாம் நேரம் இருந்தது. நமக்கு இருப்பது நாற்பது நிமிஷம் என்றால் ஒரு காலைப் பின்னால் நாற்காலியில் வைத்து, ஒற்றைக் காலில் இறங்கி ஏறுங்கள். பன்னிரண்டு முறைக்குள் தொடை பேசும்.

கர்லாக்கட்டையைப் பற்றிச் சொல்லாமல் போனால் சண்டைக்கு வருவார்கள். தோள் மூட்டு எல்லாப் பக்கமும் சுழலவும், பிடி இறுகவும், நடு உடம்பு உறுதியாகவும் அதைவிட நல்லது எனக்குத் தெரிந்து குறைவு. கனம் கைக்குத் தள்ளி இருப்பதால் நாலு கிலோ கட்டையே நன்றாக இழுக்கும். ஆனால் எடை கூட்ட வேண்டுமென்றால் அடுத்த கட்டை வாங்க வேண்டும், மார்புக்கும் காலுக்கும் அதில் போதுமான வேலை இல்லை. பத்து நிமிஷம் முன்பயிற்சியாகச் சுற்றுங்கள், அதை மட்டுமே நம்பி உடம்பு ஏற்ற நினைக்காதீர்கள். தென் மாவட்டக் கிராமங்களில் கிடக்கும் இளவட்டக்கல்லும் அப்படித்தான். நெல்லைப் பக்கம் வடலிவிளையில் பொங்கலுக்குப் போட்டி வைத்துத் தூக்குகிறார்கள், பார்க்கவே சிலிர்க்கும். அந்தக் கல் பலத்தைச் சோதித்துப் பார்க்க. பலம் வந்தது வயல்காட்டிலும் மூட்டை தூக்கியதிலும்.

அடுத்து டம்பெல். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் பிவிசி செட்டைத்தான் முக்கால்வாசிப் பேர் வாங்குகிறார்கள். உள்ளே சிமென்ட் கலவை, வெளியே பிளாஸ்டிக். அதே எடை இரும்பைவிட இரண்டு மூன்று மடங்கு பருமன் என்பதால், ஒரு பக்கம் மூன்று நான்கு பிளேட் போட்டாலே நட்டு திருக மரை மிஞ்சாது. விளம்பரத்தில் 20 கிலோ செட் என்று போட்டிருக்கும். அது எல்லா பிளேட்டும் சேர்ந்த கணக்கு, ஒரு கையில் பத்து கிலோதான் வரும். கைக்கும் தோளுக்கும் அது சில மாதம் ஓடும், காலுக்கும் முதுகுக்கும் முதல் மாதமே பற்றாது. வாங்குவதென்றால் கொஞ்சம் காசு சேர்த்து இரும்பு பிளேட்டும் நீளமான கம்பியும் வாங்குங்கள், ஒரு கைக்கு இருபது கிலோ வரை போகிற மாதிரி.

டம்பெல்லில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. இரண்டு முனையிலும் 1.25 கிலோ பிளேட் போட்டால் ஒரு டம்பெல் 2.5 கிலோ கூடும். பத்திலிருந்து பன்னிரண்டரை என்றால் ஒரே தாவலில் 25 சதவீதம். பக்கவாட்டில் கை தூக்கும் பயிற்சியில் ஐந்திலிருந்து ஏழரைக்குப் போனால் 50 சதவீதம், அதற்குத் தோள் எப்படி ஒத்துழைக்கும்? ஆகவே டம்பெல்லில் எடையை உடனே ஏற்றாமல் எண்ணிக்கையை ஏற்ற வேண்டும். எட்டில் ஆரம்பித்து, வாரா வாரம் ஒன்று இரண்டு கூட்டி, மூன்று செட்டிலும் பதினைந்து வந்த பிறகு அடுத்த எடை, மறுபடி எட்டிலிருந்து. இதை ஒழுங்காகச் செய்தால் வீட்டு டம்பெல்லே ஒரு வருஷத்துக்குக் குறையாமல் உடம்பை வளர்க்கும்.

ரப்பர் பேண்ட் பயணத்துக்கு நல்லது. எவ்வளவு எடை இழுக்கிறோம் என்று அளக்க முடியாது, வெயிலில் கிடந்தால் வெடித்துப்போகும். அவ்வளவுதான்.

மெஷினை ஏளனம் செய்வது இப்போது ஒரு ஃபேஷன். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1970-களின் தொடக்கத்தில் ஆர்தர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கர் நாட்டிலஸ் மெஷின்களைக் கொண்டுவந்தபோது, சங்கு மாதிரி வளைந்த சக்கரம் ஒன்றை வைத்து, கை எந்தக் கோணத்தில் பலமாக இருக்கிறதோ அங்கே கனத்தைக் கூட்டி, பலவீனமான இடத்தில் குறைத்தார். இன்றைக்கு ஜிம்மில் இருக்கும் பல மெஷின்கள் அந்த யோசனையின் வாரிசுகள். தனியாக வருகிறவருக்கு மெஷினைப் போலத் துணை கிடையாது. கடைசி முறை முடியவில்லையா, விட்டுவிடலாம், மேலே எதுவும் விழாது. புல்-அப் வராதவருக்கு, உட்கார்ந்தபடி மேலே இருக்கும் கம்பியைக் கீழே இழுக்கும் லாட் புல்டவுன் இருக்கிறது, எடை அடுக்கில் பின்னை 20 கிலோவில் குத்தித் தொடங்கலாம். தொடையின் பின்பக்கத் தசைக்கு, முழங்காலை எடைக்கு எதிராக மடக்கும் லெக் கர்ல் மெஷின் அளவுக்கு நேரடியான வேலை வீட்டில் கிடைப்பது கஷ்டம். எடையைத் தாங்கிப் பிடிக்கும் நுணுக்கம் கற்க வேண்டிய அவசியம் இல்லாததால் வயதானவர்களுக்கும் இதுதான் முதல் தேர்வு. பாஸ்டனில் ஒரு முதியோர் மருத்துவமனையில் 1990-ல் செய்த ஆய்வில், சராசரி வயது தொண்ணூறு உள்ளவர்கள் எட்டு வாரம் முழங்காலை நீட்டும் பயிற்சியைக் கனமாகச் செய்து, கால் பலத்தைச் சராசரியாக 174 சதவீதம் கூட்டிக்கொண்டார்கள். வயசாயிடுச்சு, இனிமே எதுக்கு என்று சொல்லும் அப்பா அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

குறை என்ன? படி பெரும்பாலும் ஐந்து கிலோ, சில மெஷினில் இன்னும் அதிகம். அப்புறம் அதில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப முடியாது. கப்பி எத்தனை, ஒயர் எப்படி ஓடுகிறது என்பதைப் பொறுத்து ஒரு ஜிம்மின் 40 கிலோ இன்னொரு ஜிம்மின் 60. காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ்ஸில் 200 கிலோ போட்டேன் என்று ஸ்டேட்டஸ் வைப்பவர்களும் கொஞ்சம் யோசிக்கலாம், அது சாய்வுப் பலகையில் ஏறுகிற கனம், முழுசாகக் காலில் இறங்காது.

பார்பெல்தான் இந்தப் படிக் கணக்கில் ராஜா. பக்கத்துக்கு 1.25 கிலோ போட்டு 60-ஐ 62.5 ஆக்கினால் ஏறுவது நான்கு சதவீதம்தான், உடம்புக்கே தெரியாமல் கூட்டலாம். வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் பளு தூக்குதலில் 77 கிலோ பிரிவில், இரண்டு வகைத் தூக்கலில் 149 கிலோவும் 179 கிலோவும் தூக்கித் தங்கம் வாங்கினார். அந்த விளையாட்டில் 2005-லிருந்து ஒரு முயற்சிக்கும் அடுத்ததற்கும் ஒரு கிலோ கூட்டினால் போதும் என்று விதியே மாறியிருக்கிறது. அந்த அளவுக்குச் சின்னப் படி அங்கே மதிப்பு. பலம்தான் குறி என்றால், ஸ்குவாட் (கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து கம்பியைத் தூக்கி நிமிர்வது), பென்ச் பிரஸ், நின்றபடி தலைக்கு மேல் தூக்குவது ஆகிய நான்கையும் ஐந்தைந்து முறையாகச் செய்து வாரம் 2.5 கிலோ கூட்டுவதற்கு இணையாக வேறு எதுவும் இல்லை.

ஆனால் நம்மூர் நிலவரம் வேறு. சர்வதேச அளவு கம்பி 20 கிலோ. சின்ன ஜிம்களில் இருக்கும் மெல்லிய ராட் அதில் பாதிகூட இருக்காது, ஒன்றுக்கொன்று எடையும் மாறும். ஒரு முறை எடை மெஷினில் ஏறி, ராடைப் பிடித்தபடி நின்று பார்த்துவிடுங்கள். 1.25 பிளேட் என்று ஒன்று இருப்பதே பல இடங்களில் தெரியாது. ஸ்குவாட் செய்யும்போது எழ முடியாமல் போனால் கம்பியைத் தாங்க குறுக்குக் கம்பி உள்ள ரேக் இருக்கிறதா என்பது அதைவிட முக்கியம். இல்லாத ஜிம்மில் தனியாகக் கனமான ஸ்குவாட் வேண்டவே வேண்டாம். பென்ச் பிரஸ்ஸில் பிடிக்க ஆள் இல்லையென்றால் முனையில் கிளிப் போடாதீர்கள், மாட்டிக்கொண்டால் ஒரு பக்கம் சாய்த்து பிளேட்டைக் கழற்றிவிட்டுத் தப்பிக்கலாம். மாஸ்டர் பக்கத்தில் நின்று முதல் மாதம் சொல்லிக்கொடுக்க முடியாது என்றால் பார்பெல்லின் பாதி லாபம் போய்விடும்.

ஐசோமெட்ரிக் என்று ஒன்றும் அவ்வப்போது தலைகாட்டும், அதாவது அசையாத பொருளை அழுத்தித் தள்ளுவது. 1953-ல் ஜெர்மனியில் ஹெட்டிங்கரும் முல்லரும் தினம் ஆறு நொடி அழுத்தினாலே வாரம் ஐந்து சதவீதம் பலம் கூடும் என்று எழுதினார்கள். 1960-களில் அமெரிக்காவில் யார்க் பார்பெல் கம்பெனி இதற்கென்று ரேக் செய்து விற்றது, அதை வைத்துப் பயிற்சி எடுத்த ஒன்றிரண்டு வீரர்கள் மளமளவென்று முன்னேறியது பெரிய விளம்பரமானது. பின்னால்தான் தெரிந்தது, அவர்கள் டயனபால் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு ரீல்ஸில் மூன்றே மாதத்தில் உடம்பை மாற்றிக் காட்டுகிறவரின் பயிற்சி முறையை வாங்கும் முன் இதை ஒரு முறை நினைத்துக்கொள்ளலாம்.

கருவியை முடிவு செய்தபின் அடுத்த குழப்பம், வாரத்தை எப்படிப் பிரிப்பது என்பது. திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக், புதன் ஷோல்டர் என்று ஆறு நாள் கணக்கைத்தான் பெரும்பாலான ஜிம்களில் எழுதித் தருகிறார்கள். வாரத்தில் ஒரு தசைக்கு மொத்தம் எத்தனை செட் என்பது சமமாக இருந்தால், பிரிக்கும் விதம் பெரிய வித்தியாசம் செய்வதில்லை. ஆனால் நாம் ஆறு நாளும் போவோமா? வெள்ளிக்கிழமை கல்யாண ரிசப்ஷன், சனி ஊருக்குப் பயணம் என்றால் அடிபடுவது எப்போதும் கால் நாள்தான். மூன்று நாள், ஒவ்வொரு நாளும் முழு உடம்பு என்று வைத்துக்கொண்டவருக்கு ஒரு நாள் போனாலும் எல்லாத் தசையும் இரண்டு முறை வேலை செய்திருக்கும். இன்னொரு லாபம், திங்கள் சாயங்காலம் எல்லாரும் பென்ச்சுக்கு வரிசையில் நிற்கும்போது ஸ்குவாட் ரேக் உங்களுக்காகக் காலியாக இருக்கும். ஒரு தசைக்கு வாரம் ஐந்தாறு செட்டில் தொடங்கி, மெல்லப் பத்து வரை போகலாம். இன்னும் ஒன்றிரண்டு முறைதான் முடியும் என்ற இடத்தில் செட்டை நிறுத்துங்கள், கனமான பயிற்சிக்கு நடுவே இரண்டு மூன்று நிமிஷம் உட்காருங்கள். ஃபோனைப் பார்த்தால் அது பத்து நிமிஷமாகும், அது வேறு பிரச்சினை.

வாரா வாரம் பயிற்சியை மாற்றினால்தான் உடம்பு ஏமாறும் என்று சொல்கிற மாஸ்டர்களும் இருக்கிறார்கள். நான் முன்பு போன ஒரு ஜிம்மில் இதுதான் நடந்தது: ஒவ்வொரு திங்களும் புதுசாக ஒன்று, வியர்வை ஆறாக ஓடும், ஆனால் போன வாரத்தோடு ஒப்பிட ஒரு எண்கூட கையில் இருக்காது. ஐந்தாறு பயிற்சிகளை மூன்று மாதம் மாற்றாமல் செய்து, ஒரு நோட்டில் எழுதுங்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால், இதுவரை எதுவும் செய்யாதவர் காசு செலவழிக்கும் முன் இரண்டு மாதம் தண்டால், ஒற்றைக்கால் பஸ்கி, சாய்ந்து இழுப்பது என்று வீட்டில் செய்யட்டும், அதைத் தாண்டி நிலைத்தால் ஜிம். ஜிம்மில் முதுகுக்கும் தொடையின் பின்பக்கத்துக்கும் மெஷின், நெஞ்சுக்கும் தோளுக்கும் டம்பெல், இதுதான் பெரும்பாலானவர்களுக்குப் போதும். எடையைத் தூக்குவதே பிடித்துப்போனவர் பார்பெல்லுக்கு வரலாம். ஜிம்முக்கே போக முடியாத நிலை, கைக்குழந்தை, ஷிஃப்ட் வேலை என்றால் நல்ல இரும்பு டம்பெல்லும் கதவு நிலையில் மாட்டும் ஒரு புல்-அப் கம்பியும் போதும், காலுக்கு மட்டும் கொஞ்சம் சமரசம். பெண்களுக்குத் தனிக் கணக்கு கிடையாது, இதே கணக்குதான். டம்பெல் தூக்கினால் உடம்பு ஆம்பளை மாதிரி ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம், ஆண்களுக்கே அது அவ்வளவு சுலபமாக வருவதில்லை. ரத்த அழுத்தம், குடலிறக்கம், டிஸ்க் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

சாப்பாடு தனிக் கட்டுரைக்கான விஷயம். ஒரு கிலோ உடம்பு எடைக்கு ஒரு நாளைக்கு 1.6 கிராம் புரதம் போதும், அதற்கு மேல் போட்டால் பெரிய லாபம் இல்லை என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்தது. 65 கிலோ ஆளுக்கு நூறு கிராம் சொச்சம். நாலு இட்லி சாம்பாரில் பத்து பன்னிரண்டு கிராம்தான் தேறும். முட்டை ஒன்றுக்கு ஆறு, ஐம்பது கிராம் உலர்ந்த மீல்மேக்கரில் இருபத்தைந்து என்று கூட்டிக்கொண்டு வந்தால்தான் நூறு வரும்.

ஜிம்மில் சேருவதாக இருந்தால் பணம் கட்டும் முன், நீங்கள் தினம் போகப்போகிற அதே நேரத்தில் ஒரு நாள் போய்ப் பாருங்கள். காலை பதினொரு மணிக்குக் காலியாக இருக்கும் இடம் சாயங்காலம் ஏழு மணிக்குச் சந்தைக்கடை. ரேக் எத்தனை, சின்ன பிளேட் இருக்கிறதா, ஒயர் நைந்திருக்கிறதா, மாஸ்டர் ஃபோனைப் பார்க்கிறாரா ஆட்களைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். ஒரு வருஷத்துக்குக் கட்டினால் பாதி விலை என்று ஆசை காட்டுவார்கள், முதலில் மூன்று மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள்.